டெட்ராமரா, எலிஸ்பாட்டா, எய்மா: ஆன்டிஜெனை அறியும் டி செல்லைத் தேட எந்த வழி?

ஆன்டிஜென் என்பது நோயெதிர்ப்பு மண்டலம் அடையாளம் காணும் பொருள். டி செல் என்பது அதன் துண்டைத் தன் ஏற்பியால் அறியும் வெள்ளணு. முதலில் ஒரு கணக்கு. 10 மில்லி ரத்தத்தை அடர்த்திக் கரைசலில் சுழற்றிப் பிரித்தால் சுமார் ஒரு கோடி பிபிஎம்சி செல்கள், அதாவது ஒற்றைக் கரு வெள்ளணுக்கள், கிடைக்கும். அவற்றில் தொற்றிய செல்லைக் கொல்லும் சிடி8 டி செல்கள் தோராயமாக ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 லட்சம். சைட்டோமெகலோவைரஸ் பல ஆண்டுகளாக உடலில் தங்கியிருக்கும் ஒருவரிடம், அந்த வைரஸின் ஒரே ஒரு பெப்டைடை (புரதத்தின் சிறு துண்டு) அறியும் செல்கள் மட்டுமே சிடி8-இல் 1 சதவீதம் இருக்கலாம். 20,000 செல்கள். எந்த முறையைக் கையில் எடுத்தாலும் தென்படும். உடல் இதுவரை சந்திக்காத ஓர் ஆன்டிஜென் என்றால் கதை வேறு. லட்சத்தில் ஒன்று, பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். அந்த 20 லட்சத்தில் 20 செல், இல்லையென்றால் இரண்டே செல்.

இந்தக் கணக்கைப் போடாமலே முறையைத் தேர்ந்தெடுத்துவிடுவது சகஜம். பக்கத்து ஆய்வகத்தில் எது ஓடுகிறதோ, எந்தக் கிட் ஃப்ரீசரில் மிச்சம் இருக்கிறதோ, அதுவே முறையாகிவிடும். எதை எடுத்தாலும் ஓர் எண் வரும், அதை வைத்து வரைபடமும் போடலாம். ஆனால் டெட்ராமர் எண்ணுகிற செல்லும் எலிஸ்பாட் எண்ணுகிற செல்லும் ஒன்றல்ல. செல்களின் செயல்பாட்டு வேறுபாட்டைப் பற்றிப் பேசும்போதுதான் இது பெரிய வில்லங்கமாகிறது.

எல்லா முறைகளையும் இரண்டு குடும்பமாகப் பிரித்துவிடலாம். ஒன்று, டி செல் ஏற்பி எதைப் பிடிக்கிறது என்று பார்ப்பது: டெட்ராமரும் அதன் உறவுகளும். இன்னொன்று, ஆன்டிஜெனைக் கொடுத்துவிட்டு செல் என்ன செய்கிறது என்று பார்ப்பது: சுரப்பைப் புள்ளியாகக் காட்டும் எலிஸ்பாட், செல்கள் சமிக்ஞை அனுப்பச் சுரக்கும் சைட்டோகைனைச் செல்லுக்குள்ளேயே சாயமேற்றிப் பார்க்கும் ஐசிஎஸ், தூண்டல் அடையாளங்களைப் பார்க்கும் எய்ம், பெருக்கத்தைப் பார்க்கும் சிஎஃப்எஸ்ஈ. இரண்டாவது குடும்பம் முழுவதும் வகுப்பில் 'உள்ளேன் ஐயா' சொன்னவர்களை மட்டும் எண்ணுகிற வருகைப் பதிவேடு. உட்கார்ந்திருந்தும் வாய் திறக்காதவர் கணக்கில் வரமாட்டார்.

டெட்ராமர்: வாய் திறக்காத செல்லும் கணக்கில் வரும்

எம்எச்சி என்பது செல்லின் மேற்பரப்பில் பெப்டைடை ஏந்திக் காட்டும் புரதம். டி செல் ஏற்பி தன் பெப்டைட்-எம்எச்சி கூட்டைப் பிடிக்கும் பிடி மிகத் தளர்வானது. பொதுவாக 1 முதல் 100 மைக்ரோமோலார் வரை. பிடித்த சில நொடிகளில் விட்டுவிடும். அதனால் ஒற்றை எம்எச்சி மூலக்கூறில் சாயம் ஒட்டி செல்லின் மேல் போட்டால் கழுவும்போதே போய்விடும். 1996-இல் ஜான் ஆல்ட்மன், மார்க் டேவிஸ் குழுவினர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். எம்எச்சியின் வால் நுனியில் பயோட்டினைச் சேர்த்து, பயோட்டினைப் பிடிக்க நான்கு இடமுள்ள ஸ்ட்ரெப்டாவிடினில் கோத்தார்கள். ஒரு கை விட்டாலும் மற்ற கைகள் பிடித்துக்கொள்ளும். அதுதான் டெட்ராமர்.

இது வந்த பிறகு பழைய எண்கள் எல்லாம் ஆட்டம் கண்டன. அதுவரை பெரிதும் நம்பியிருந்தது, செல்களைப் படிப்படியாக நீர்த்து வளர்க்கும் லிமிட்டிங் டைல்யூஷன் முறை. வளர்ப்பில் பிழைத்துப் பலமுறை பிரிந்த செல்தான் அதில் எண்ணப்படும். 1998-இல் ரஃபி அகமதின் குழு எல்சிஎம்வி என்ற எலி வைரஸ் தொற்றிய எலிகளில் டெட்ராமரை வைத்து எண்ணிப் பார்த்தது. தொற்று உச்சத்தில் இருக்கும்போது தூண்டப்பட்ட சிடி8 செல்களில் 50 முதல் 70 சதவீதம் அந்த வைரஸையே குறிவைப்பவை என்று தெரிந்தது. அதற்கு முன் அவற்றில் பெரும்பகுதியை 'சும்மா கூட்டத்தோடு தூண்டப்பட்டவை' என்று ஒதுக்கியிருந்தார்கள்.

அதே ஆண்டு அதே குழுவிலிருந்து வந்த இன்னொரு ஆய்வுதான் என் பார்வையில் இந்தத் துறைக்கே திருப்புமுனை. நாட்பட்ட எல்சிஎம்வி தொற்றில், மற்ற நோயெதிர்ப்புச் செல்களுக்குத் துணைநிற்கும் சிடி4 டி செல்களின் உதவி இல்லாத எலிகளில், டெட்ராமர் பிடிக்கும் செல்கள் ஏராளமாக இருந்தன. தூண்டப்பட்ட தோற்றமும் இருந்தது. ஆனால் பெப்டைடைக் கொடுத்தால் இன்டர்ஃபெரான் காமா என்ற சைட்டோகைனைச் சுரக்கவில்லை. எலிஸ்பாட்டோ ஐசிஎஸ்ஸோ மட்டும் செய்திருந்தால் 'இந்த எலிகளில் வைரஸை அறியும் செல்களே இல்லை' என்று முடித்திருப்பார்கள். செல் இருக்கிறது, வேலை செய்யவில்லை என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்ததால்தான் டி செல் சோர்வு என்ற கருத்தே வலுப்பெற்றது. இன்று சோர்ந்த செல்லின் மேல் ஏறும் பிடி-1 (PD-1) என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்துகளைப் பற்றிப் பேசுவதற்கு அடித்தளமும் அங்கேதான்.

ஆகவே 'இவருடைய செல்கள் அவருடைய செல்களைவிடச் செயலற்றவை' என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: வகுக்கும் எண் என்ன? நூறு செல் இருந்து பத்து சுரக்கிறதா, பத்தே செல் இருந்து பத்தும் சுரக்கிறதா? சுரப்பை மட்டும் பார்க்கும் முறையில் இரண்டும் பத்துதான். வகுக்கும் எண்ணை நேரடியாகத் தருவது டெட்ராமர் குடும்பம் மட்டுமே.

இன்னொரு ஆதாயமும் உண்டு, இதை அதிகம் பேர் கண்டுகொள்வதில்லை. தூண்டாமலே சாயமேற்றுவதால் செல்லை அதன் ஓய்வு நிலையில் பார்க்கலாம். சிசிஆர்7, சிடி45ஆர்ஏ என்ற மேற்பரப்பு அடையாளங்களை வைத்து நினைவுச் செல்லின் வகையைப் பிரிக்கிறோம், பிடி-1 அளவைப் பார்க்கிறோம் என்றால் தூண்டிய பிறகு பார்ப்பது வேறு படம். சிடி62எல் என்ற இன்னொரு அடையாளம் தூண்டலில் உதிர்ந்துவிடும். பிடி-1 சோர்வினாலும் ஏறும், வெறும் தூண்டலினாலும் ஏறும்.

சரி, இவ்வளவு நல்லதென்றால் எல்லோரும் இதையே செய்யலாமே? முடியாது. டெட்ராமர் செய்ய எந்தப் பெப்டைட், எந்த எச்எல்ஏ (ஆளுக்கு ஆள் மாறும் மனித எம்எச்சி) என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். எச்எல்ஏ-ஏ*02:01 உள்ளவருக்கு சைட்டோமெகலோவைரஸ், இன்ஃப்ளூயன்சா, எப்ஸ்டீன்-பார் வைரஸ் பெப்டைடுகள் நன்றாகத் தெரியும். அது இல்லாதவர் பாடு திண்டாட்டம். ஆய்வில் பங்கேற்கும் ஐம்பது பேரில் ஏ*02:01 இல்லாதவர்களையெல்லாம் விட்டுவிட்டால் மாதிரி சுருங்கும், முடிவும் ஒரு சாராரைப் பற்றியதாகிவிடும். சிடி4 செல்களுக்கான இரண்டாம் வகை எம்எச்சி டெட்ராமர்கள் இன்னும் சிரமம். பிடி இன்னும் தளர்வு, செல் எண்ணிக்கை இன்னும் குறைவு, டிக்யூ, டிபி என்ற எச்எல்ஏ வகைகளுக்கு நம்பகமான டெட்ராமர் கிடைப்பதும் கடினம். அதோடு, பிடி மிகவும் தளர்ந்த ஏற்பிகளை டெட்ராமர் தவறவிடும். அந்தச் செல்கள் ஆன்டிஜெனுக்கு நன்றாகவே பதில் சொல்லக்கூடியவையாக இருக்கலாம். எனவே 'டெட்ராமர் பிடிக்கவில்லை, ஆகவே இல்லை' என்பதும் முழு உண்மை அல்ல.

கைவேலையில் சில நுணுக்கங்கள் முடிவையே மாற்றும். சாயமேற்றும் முன் டசாடினிப் என்ற கைனேஸ் தடுப்பியை 50 நானோமோலார் அளவில் அரை மணி நேரம் கொடுத்தால் ஏற்பி செல்லுக்குள் இழுக்கப்படுவது தடைபடும், சாயம் பளிச்சென்று வரும். அந்தச் செல்லைப் பிறகு தூண்டிச் செயல்பாடு பார்க்கும் எண்ணம் இருந்தால் மட்டும் இதைத் தவிர்க்க வேண்டும். சமிக்ஞையைத் தடுப்பதுதானே டசாடினிப்பின் வேலையே. டெட்ராமரை முதலில், ஆன்டிபாடிகளைப் பிறகு போடுவது நல்லது, ஏனென்றால் சில சிடி8 ஆன்டிபாடி க்ளோன்கள் டெட்ராமர் பிடிப்பதைக் கெடுக்கும். ஒரே டெட்ராமரை இரண்டு வேறு நிறங்களில் செய்து, இரண்டும் ஏறிய செல்லை மட்டும் எடுத்தால் பொய்ப் புள்ளிகள் வெகுவாகக் குறையும். இறந்த செல், பி செல், மோனோசைட் எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் ஒதுக்கித் தள்ளும் 'டம்ப்' சேனல் இல்லாமல் 0.01 சதவீதம் என்று எழுதுபவரை நான் நம்பமாட்டேன்.

தேடும் செல் லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே என்றால் டெட்ராமர் பிடித்த செல்களைக் காந்தத் தூண் வழியாகச் செறிவூட்ட வேண்டும். மார்க் ஜென்கின்ஸ் குழு 2007-இல் எலியின் மண்ணீரலையும் நிணநீர்க் கணுக்களையும் மொத்தமாக எடுத்து இப்படிச் செய்து, ஒரே ஒரு பெப்டைடுக்கு எலி முழுவதிலும் எத்தனை கன்னிச் செல்கள் (ஆன்டிஜெனை இதுவரை சந்திக்காதவை) என்று எண்ணிக் காட்டியது. விடை சில பத்துகளிலிருந்து இருநூறு வரை, பெப்டைடுக்குப் பெப்டைட் வேறுபட்டது. மனித ரத்தத்திலும் இது நடக்கும், ஆனால் அதற்கு 10 மில்லி போதாது.

எலிஸ்பாட்: பழசு, ஆனால் கூர்மை

1983-இல் ஆன்டிபாடி சுரக்கும் செல்களுக்காக வந்த எலிஸ்பாட், பிறகு டி செல் சைட்டோகைன்களுக்கும் பழகியது. 96 குழித் தட்டின் அடியில் சவ்வு, அதில் இன்டர்ஃபெரான் காமாவைப் பிடிக்கும் ஆன்டிபாடி. குழிக்கு இரண்டு முதல் மூன்று லட்சம் செல், பெப்டைட், ஓர் இரவு. சுரந்த செல் இருந்த இடத்தில் ஒரு புள்ளி. லட்சத்தில் ஒரு செல் என்ற அளவுக்குக் கீழிறங்கும் கூர்மை. செல்களை ஒவ்வொன்றாக நிறம் பார்த்து எண்ணும் விலையுயர்ந்த சைட்டோமீட்டர் தேவையில்லை, எச்எல்ஏ தெரிய வேண்டாம். காசநோய்த் தொற்றைக் கண்டறியும் டி-ஸ்பாட் பரிசோதனையே எலிஸ்பாட்தான்.

குறை என்ன? சுரந்தது சிடி4-ஆ சிடி8-ஆ என்றே தெரியாது, முன்பே பிரித்து வைத்தால் ஒழிய. ஒரு சைட்டோகைன், கூடுதல் நிறங்களோடு ஃப்ளூரோஸ்பாட் என்றால் மூன்று நான்கு. செல்லின் முகம் தெரியாது, செல்லைத் திரும்ப எடுத்து மேற்கொண்டு ஆராய்வதும் நடைமுறையில் இல்லை. பல மையங்களில் நூற்றுக்கணக்கானவரின் மாதிரிகளை ஒரே சீராக அளக்க வேண்டும் என்றால் இதற்கு இணை இல்லை. செயல்பாட்டு வேறுபாடு என்ற கேள்விக்கு இது விடை அல்ல.

ஐசிஎஸ்: ஒரு செல், பல செயல்

ஐசிஎஸ்ஸில் பெப்டைடோடு சேர்த்து பிரெஃபெல்டின் ஏ போடுவோம். சைட்டோகைன் வெளியே போகாமல் செல்லுக்குள்ளேயே தேங்கும். ஆறு மணி நேரம் கழித்துச் செல்லை நிலைப்படுத்தி, சவ்வைத் துளையிட்டு, உள்ளே சாயமேற்றுவோம். இன்டர்ஃபெரான் காமா, டிஎன்எஃப், ஐஎல்-2 என்ற மூன்று சைட்டோகைன்களும் ஒரே செல்லில். ஆரம்பத்திலேயே சிடி107ஏ ஆன்டிபாடியை வளர்ப்பு ஊடகத்தில் போட்டு மோனென்சினும் சேர்த்தால், நச்சுத் துகள்களை வெளியேற்றிய செல்லும் தெரியும். கொல்லும் திறனுக்கு அது நேரடிச் சான்று அல்ல, நெருங்கிய சான்று.

செயல்பாட்டு வேறுபாட்டைப் பார்க்க இதைத்தான் பெரும்பாலோர் நாடுகிறார்கள், நியாயமும்கூட. நாட்பட்ட தொற்றில் செல் சோர்வடையும்போது எல்லாச் செயலும் ஒரே நாளில் போவதில்லை. எல்சிஎம்வி எலிகளில் தெளிவாகக் காட்டப்பட்ட வரிசை இது: முதலில் ஐஎல்-2 சுரப்பும் கொல்லும் திறனும் பெருகும் திறனும் போகும், அடுத்து டிஎன்எஃப், கடைசியில்தான் இன்டர்ஃபெரான் காமா. இதை எலிஸ்பாட்டோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். கடைசியாகப் போகிற செயலை மட்டும் அளந்துவிட்டு 'வேறுபாடு இல்லை' என்று சொன்னால், பாதி வழி சோர்ந்த செல்கள் எல்லாம் ஆரோக்கியமானவை என்று சான்றிதழ் கொடுத்ததாக ஆகும்.

தடுப்பூசி ஆய்வுகளில் இந்தப் பாடம் விலை கொடுத்துப் படித்தது. எச்ஐவிக்கான ஸ்டெப் பரிசோதனையில் தடுப்பூசி போட்டவர்களில் பெரும்பாலோரிடம் எலிஸ்பாட் நல்ல பதிலைக் காட்டியது. பாதுகாப்பு இல்லை என்று தெரிந்து 2007-இல் நிறுத்தப்பட்டது. அதே 2007-இல் எலிகளில் லீஷ்மேனியா தடுப்பூசியைப் பற்றி வந்த ஆய்வு ஒன்று, மூன்று சைட்டோகைன்களையும் ஒருசேரச் சுரக்கும் சிடி4 செல்களின் பங்குதான் பாதுகாப்போடு ஒத்துப்போகிறது என்று காட்டியது. அப்புறம் என்ன, பல்திறன் என்ற சொல் எல்லா ஆய்வுக் கட்டுரையிலும் புகுந்தது. ஆனால் எம்விஏ85ஏ என்ற காசநோய்த் தடுப்பூசி பல்திறன் சிடி4 செல்களைத் தூண்டக்கூடியதுதான். தென்னாப்பிரிக்காவில் சுமார் 2,800 குழந்தைகளிடம் நடந்து 2013-இல் வெளியான பரிசோதனையில், பிசிஜிக்கு மேல் அது குறிப்பிடத்தக்க பாதுகாப்பு எதையும் தரவில்லை. ஆக மூன்று சைட்டோகைன் ஒன்றைவிட மேல் என்பது சரி. மூன்றும் இருந்தால் பாதுகாப்பு உறுதி என்பது சரியல்ல. எந்தச் செயல் முக்கியம் என்பதை நோய்தான் தீர்மானிக்கிறது, நம்மிடம் இருக்கும் ஆன்டிபாடிகள் அல்ல.

ஐசிஎஸ்ஸின் விலை: செல் இறந்துவிடும். நிலைப்படுத்தித் துளையிட்ட செல்லிலிருந்து நல்ல ஆர்என்ஏ எடுப்பது பெரும்பாடு. 0.02, 0.05 சதவீதத்துக்குக் கீழே பின்னணி இரைச்சல் விழுங்கிவிடும். சைட்டோகைன் அதிகம் சுரக்காத செல் வகைகளும் உண்டு. அவற்றை இது பார்க்கவே பார்க்காது.

எய்ம்: உயிரோடு பிடிக்கலாம், பெயர் சொல்ல முடியாது

அந்தச் சுரக்காத வகைகளுக்காகத்தான் எய்ம் பிரபலமானது. முக்கியமாக ஃபாலிகுலர் உதவிச் செல்கள். பி செல்லுக்குத் தோள் கொடுப்பது இவற்றின் வேலை, ஊடகத்தில் சைட்டோகைனை வாரிக் கொட்டுவது அல்ல. ஐசிஎஸ்ஸில் இவை பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. 18 முதல் 24 மணி நேரம் பெப்டைடோடு வைத்து, ஓஎக்ஸ்40, சிடி25, சிடி137 போன்ற தூண்டல் அடையாளங்கள் மேற்பரப்பில் ஏறியிருக்கின்றனவா என்று பார்த்தால் தெரியும். சிடி8 செல்லுக்கு சிடி69, சிடி137 ஜோடி வழக்கம்.

2020-இல் கோவிட் வந்தபோது எய்மின் நேரம் வந்தது. எந்தப் பெப்டைட் முக்கியம் என்று யாருக்கும் தெரியாது, டெட்ராமர் கிடையாது. லா ஹோயா நிறுவனத்தின் அலெசாண்ட்ரோ செட்டே, ஷேன் குரோட்டி குழுவினர் வைரஸ் புரதங்களை உள்ளடக்கும் பெப்டைட் தொகுப்புகளைச் செய்து எய்ம் ஓட்டினார்கள். குணமடைந்த 20 பேரில் எல்லோரிடமும் சிடி4 பதில், சுமார் 70 சதவீதம் பேரிடம் சிடி8 பதில். அதைவிடப் பேசப்பட்டது இன்னொன்று: வைரஸ் பரவும் முன்பே, 2015 முதல் 2018 வரை சேமித்த ரத்தத்திலும் 40 முதல் 60 சதவீதம் பேரிடம் சிடி4 பதில் இருந்தது. சாதாரணச் சளிக்காய்ச்சல் கொரோனா வைரஸ்களின் நினைவு குறுக்கே வேலை செய்கிறது என்ற விளக்கத்துக்குப் பிறகு ஆதாரமும் வந்தது. டெட்ராமர் கிடைக்கும்வரை காத்திருந்தால் இந்தக் கேள்வியையே அப்போது கேட்டிருக்க முடியாது.

ஆனால் எய்மில் எனக்குச் சில சங்கடங்கள் உண்டு. 24 மணி நேரம் என்பது நீண்ட நேரம். முதலில் தூண்டப்பட்ட செல்கள் சுரப்பதைக் குடித்துப் பக்கத்துச் செல்களும் கிளர்ந்தெழும். முதல் வகை இன்டர்ஃபெரான் போதும், சிடி69 ஏறிவிடும். சிடி25-ஐயும் ஓஎக்ஸ்40-ஐயும், நோயெதிர்ப்பை அடக்கி வைக்கும் ஒழுங்குமுறைச் செல்களும் தாங்கி நிற்கும். அவை உண்மையில் ஆன்டிஜெனுக்குப் பதில் சொன்னவையா, இயல்பிலேயே அப்படி இருப்பவையா என்பது சிக்கல். ஒற்றை அடையாளத்தை நம்பாமல் எப்போதும் இரண்டு சேர்ந்து ஏறிய செல்லையே எடுப்பதற்குக் காரணம் இதுதான். தூண்டாத குழியில் இருக்கும் எண்ணையும் கழித்தாக வேண்டும். சிலரிடம் அந்தப் பின்னணியே பதிலில் பாதி இருக்கும். அப்படிக் கழித்து வந்த எண்ணை நான் தயக்கத்தோடுதான் படிப்பேன்.

இதற்கு நடுவே ஒரு வழி இருக்கிறது, அதற்குரிய மதிப்பு அதற்குக் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்: சிடி154, அதாவது சிடி40-இன் இணை. தூண்டிய சில மணி நேரத்திலேயே சிடி4 உதவிச் செல்லில் வரும், வழக்கமான ஒழுங்குமுறைச் செல்களில் அந்த நேரத்தில் பெரும்பாலும் வராது. ஆறேழு மணி நேரத்தில் சிடி154 ஏறியது உதவிச் செல், சிடி154 இல்லாமல் சிடி137 மட்டும் ஏறியது ஒழுங்குமுறைச் செல் என்று பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். ஒரே ஆன்டிஜெனுக்கு எதிராக இரண்டு வகையும் எந்த விகிதத்தில் என்று பார்க்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. ஒவ்வாமை ஆய்வில் இது பொன். கைவேலைச் சிக்கல் ஒன்றுதான்: பக்கத்துச் செல்லின் சிடி40-ஐத் தொட்டதும் சிடி154 உள்ளே இழுக்கப்பட்டுவிடும். சிடி40-ஐ மறிக்கும் ஆன்டிபாடியைச் சேர்க்க வேண்டும், அல்லது பிரெஃபெல்டினோடு செல்லுக்குள்ளேயே சாயமேற்ற வேண்டும். இரண்டாவது வழியில் போனால் ஐசிஎஸ்ஸோடு ஒரே குழாயில் முடித்துவிடலாம்.

மற்றவை, சுருக்கமாக

சிஎஃப்எஸ்ஈ சாயம் செல் பிரியும் ஒவ்வொரு முறையும் பாதியாகும். ஐந்து முதல் ஏழு நாள் வளர்த்தால் பெருகும் திறன் தெரியும். முதலில் எத்தனை செல் இருந்தன என்பது மட்டும் இதில் மங்கிவிடும். பழைய குரோமியம்-51 வெளியீட்டு முறை உண்மையான கொலையை அளப்பது, ஆனால் கதிரியக்கம்.

டெட்ராமரின் உறவான, டிஎன்ஏ பட்டைக்குறி இட்ட மல்டிமர்கள் 2016-இலிருந்து வந்துவிட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெப்டைடுகளை ஒரே மாதிரியில் தேடலாம். புற்றுநோயின் புதுத் திரிபுப் பெப்டைடுகளைத் தேட இது பெரிதும் கைகொடுக்கும். டி செல் ஏற்பியின் வரிசையை மட்டும் வைத்து அது எதை அறியும் என்று ஊகிக்கும் ஜிலிஃப், டிசிஆர்டிஸ்ட் போன்ற கணிமுறைகள் 2017-இல் வந்தன. ஒத்த ஏற்பிகளைக் கூட்டமாகப் பிரிக்க அவை அருமை. முன்பின் தெரியாத ஏற்பிக்குப் பெயர் சொல்லச் சொன்னால் இன்னும் திணறும்.

எண்ணும் முன் கவனிக்க வேண்டியவை

முறை எதுவானாலும் மாதிரி கெட்டிருந்தால் எல்லாம் வீண். ரத்தம் எடுத்து 8 மணி நேரத்துக்குள் பிரிப்பது நல்லது. தாமதமானால் செயல் சார்ந்த முறைகளில் பதில் விழும், டெட்ராமர் கொஞ்சம் தாங்கும். இது ஏமாற்றும் இடம். ஒரு மையத்திலிருந்து மாதிரிகள் தாமதமாக வந்தால், டெட்ராமர் ஒன்றாகவும் ஐசிஎஸ் வேறாகவும் தெரிந்து, 'இந்த நோயாளிகளின் செல்கள் செயலிழந்தவை' என்ற அழகான முடிவு தானாகப் பிறந்துவிடும். நோயாளியும் ஒப்பீட்டு நபரும் ஒரே வழியில் வந்த மாதிரியாக இருக்க வேண்டும். உறையவைத்ததை எடுத்தால் ஓரிரவு ஓய்வு கொடுத்துவிட்டுத் தூண்டுவது எலிஸ்பாட்டில் பலர் கடைப்பிடிப்பது.

பெப்டைட் தொகுப்பு பொதுவாக 15 அமினோ அமிலம் நீளம், அடுத்தடுத்த இரண்டில் 11 அமினோ அமிலம் ஒன்றன்மேல் ஒன்று படியும். சிடி4-க்கு இது சரி. சிடி8 பிடிப்பது 8 முதல் 10 அமினோ அமிலம் நீளமுள்ளதை என்பதால் சிடி8 பதில் சற்றுக் குறைவாகத் தெரியலாம். சிடி4, சிடி8 ஒப்பீட்டை 15 நீளத் தொகுப்பு ஒன்றை மட்டும் வைத்துச் செய்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். பெப்டைடைக் கரைத்த டிஎம்எஸ்ஓ கரைப்பானை அதே அளவில் தூண்டாத குழியிலும் போட வேண்டும்.

அப்புறம் எண்ணிக்கை. நூறு செல் பிடித்தால் அதன் இயல்பான ஏற்ற இறக்கம் பத்து, அதாவது 10 சதவீதம். நான்கு செல் பிடித்தால் 50 சதவீதம். அந்த நான்கு செல்லை மீண்டும் பிரித்து 'இதில் 75 சதவீதம் பல்திறன்' என்று வட்ட வரைபடம் போடுவதைப் பார்க்கும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. செயல்பாட்டைப் பிரித்துப் பேச, மொத்தமாகக் குறைந்தது ஐம்பது நூறு செல்லாவது பிடிபட்டிருக்க வேண்டும் என்பது என் சொந்த எல்லை. சிடி8 20 லட்சம் என்றால், 0.01 சதவீதத்தில் 200 செல் வரும். இரண்டு முறைக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு நூறு. கழுவுவதிலும் சுழற்றுவதிலும் இழப்பதைக் கழித்தால் அதுவும் இல்லை. அதற்கும் கீழே என்றால் ஒரே முறையைத்தான் செய்ய முடியும், எது என்று முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

எந்த நிலைக்கு எது

பெப்டைடும் எச்எல்ஏவும் தெரியும், கேள்வி சிடி8 சோர்வைப் பற்றியது என்றால் யோசிக்கவே வேண்டாம், டெட்ராமரோடு ஐசிஎஸ். ஒரே குழாயில் செய்யும்போது டெட்ராமரைத் தூண்டலுக்கு முன் போடுங்கள். தூண்டிய பின் ஏற்பி உள்ளே போய்விடும், சாயம் மங்கும், அப்போது நன்றாகப் பதில் சொன்ன செல்லே கணக்கிலிருந்து விழும். டெட்ராமர் தானே செல்லைத் தூண்டக்கூடும் என்பதால், பெப்டைட் இல்லாமல் டெட்ராமர் மட்டும் போட்ட குழாய் ஒன்று கட்டாயம். இதில் டசாடினிப் வேண்டாம்.

பெரிய தடுப்பூசிப் பரிசோதனை, பல மையங்கள், முதல் கேள்வி 'பதில் வந்ததா இல்லையா' என்றால் எலிஸ்பாட். அதில் பதில் தெரிந்தவர்களில் ஒரு பகுதியினரின் மாதிரியை ஐசிஎஸ்ஸுக்கு அனுப்பலாம்.

புதிய நோய்க்கிருமி, எந்தப் பெப்டைட் என்று தெரியாது, ஃபாலிகுலர் உதவிச் செல்களும் முக்கியம் என்றால் எய்ம். உதவிச் செல்லா ஒழுங்குமுறைச் செல்லா என்பதே கேள்வி என்றால் ஆறேழு மணி நேர சிடி154, சிடி137.

ஒற்றைச் செல் வரிசைப்படுத்தலுக்குப் போகிறீர்கள் என்றால் மட்டும் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஐசிஎஸ்ஸை மறந்துவிடலாம், செல் உயிரோடு வேண்டும். எய்மில் பிடித்த செல்லை நேரடியாக வரிசைப்படுத்தினால், ஒரு நாள் முழுக்கத் தூண்டப்பட்ட செல்லின் ஆர்என்ஏதான் கிடைக்கும். அது உடலில் எப்படி இருந்தது என்பதை அந்தத் தூண்டல் அழித்துவிட்டிருக்கும். இரண்டு நோயாளிக் குழுக்களின் செல்களை ஒப்பிடும்போது, வேறுபாடு நோயால் வந்ததா, வளர்ப்புத் தட்டில் வந்ததா என்று பிரிக்க முடியாது. இதற்கு என் தேர்வு ஒரு சுற்றுவழி. மாதிரியை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பங்கில் எய்ம் ஓட்டி, பிடிபட்ட செல்களின் ஏற்பி வரிசையை மட்டும் எடுங்கள். மறுபங்கைத் தூண்டாமல் ஒற்றைச் செல் ஆர்என்ஏவும் ஏற்பியும் சேர்த்து வரிசைப்படுத்துங்கள். முதல் பங்கில் கிடைத்த ஏற்பிகளை இரண்டாம் பங்கில் தேடினால், அதே க்ளோனின் (ஒரே செல்லிலிருந்து பெருகிய குடும்பத்தின்) செல்கள் ஓய்வு நிலையில், தங்கள் இயல்பான ஆர்என்ஏவோடு கிடைக்கும். எச்எல்ஏ தெரியாமலே டெட்ராமரின் ஆதாயம். பெருகிய க்ளோன்களுக்கு மட்டுமே இது பலிக்கும். ஒற்றைச் செல்லாக இருக்கும் க்ளோன் இரண்டு பங்கிலும் இருக்க வாய்ப்பில்லை. சைட்டோமெகலோவைரஸ், நாட்பட்ட தொற்று, கட்டிக்குள் ஊடுருவிய செல்கள் ஆகியவற்றுக்கு இந்த வழியை நம்பிப் போகலாம். கன்னிச் செல்களைத் தேடுபவர் காந்தத் தூணுக்கும் டெட்ராமருக்கும்தான் திரும்ப வேண்டும், கூடவே 10 மில்லிக்குப் பதில் லுகாஃபெரிசிஸ் பை (ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களை மட்டும் பிரித்தெடுத்தது) ஒன்றும் கேட்டு வாங்க வேண்டும்.